திங்கக்கிழமை கச்சேரி

ஜூலை 1, திங்கள்

இன்னைக்கும் கச்சேரியில ஜெபசெல்வி பேருதான். வயிறு எரியுது. எழுதிட்டேன். இந்த டைரியை யாரு படிக்கப்போறா?

கச்சேரின்னா பாட்டு இல்ல. எங்க மிக்ஸி கிரைண்டர் கம்பெனியில, புகார் போன் எடுக்கற எங்க செக்‌ஷன்ல, வாரா வாரம் நடக்கற மீட்டிங். போன் பேசி முடிச்சதும் வாடிக்கையாளரை மார்க் போடற லைனுக்கு மாத்தி விடணும். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஏதாவது ஒரு பட்டனை அமுக்குவாங்க. ஒண்ணுன்னா மோசம், அஞ்சுன்னா பிரமாதம். அந்த வாரத்துல ஒண்ணு வாங்கின போன் ஒண்ணை எடுத்து, திங்கக்கிழமை காலையில எல்லாரும் டீயும் பன்னுமா உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்போம். மேனேஜர் சென்னியப்பன் சார் ஒரு சட்டம் வச்சிருக்காரு. யாரோட போனோ அவங்க கடைசி வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. மத்தவங்க குறையெல்லாம் சொல்லி முடிச்சப்புறம், இனிமே என்ன செய்வேன்னு மட்டும் சொல்லலாம். சாக்கு சொல்லக்கூடாது. அஞ்சு வாங்கின போனை யாரும் போட்டுக் கேக்கறதில்லை. நல்லதைக் கேட்டு என்னங்க பண்றது, கெட்டதைக் கேட்டாத்தானே திருந்த முடியும்னு சார் சொல்வாரு.

எந்தப் போனைப் போடறதுன்னு எடுத்துக் குடுக்கறது நான். இங்க நான்தான் சீனியர்.

இன்னைக்குப் போட்டதுல ஒரு பீளமேடு அம்மா, ஜெபாவை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுச்சு. இவ என்ன சொல்றா தெரியுமா? "ஏசுங்கம்மா, கேட்டுக்கிடுதேன்." ஏசுங்கம்மாவாம்! தூத்துக்குடியில இருந்து வந்து ஆறு மாசம் ஆகல, அந்தப் பேச்சை இங்க கொண்டாந்து விடறா. நான் மட்டும் அவ இடத்துல இருந்திருந்தா அந்தம்மாவை ரெண்டே நிமிஷத்துல குளிர வச்சிருப்பேன். ஆனா சார் அவளைப் பாத்துத் தலையாட்டின ஆட்டம் இருக்கே. எட்டு வருஷத்துல என்னைப் பாத்து அப்படி ஒருக்காக்கூட ஆட்டுனதில்லை.

டீம் லீடர் சீட்டு காலியா கிடக்குது. மாசக் கடைசியில யாருன்னு சொல்வாங்க. எனக்குத்தான்னு போன மாசம் வரைக்கும் ஆபீஸே சொல்லிட்டிருந்துச்சு.

ஜூலை 2, செவ்வாய்

சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கம்மியோன்னாரு வீட்டுக்காரர். அதுல இருந்து நான் அவர்கிட்ட பேசல.

ஜூலை 4, வியாழன்

இன்னும் பேசல. துணி காயவே மாட்டேங்குது, ஒரே தூறல்.

ஜெபாவோட மார்க்கைப் பாத்தேன். சராசரி மூணரைகூட வரல. என்னோடது அஞ்சுக்குப் பக்கத்துல நிக்குது, எட்டு வருஷமா அங்கயேதான் நிக்குது. அவளுக்கு விவரம் பத்தாது. கத்தறவங்க, அழறவங்க, கோர்ட்டுக்குப் போவேங்கறவங்க, எல்லாரையும் அந்த மார்க் லைனுக்கு மாத்தி விடறா. நாமளே போய்ச் சூடு வாங்கிக்கற கதை. ஆளைப் பாத்து மாத்தணும். குரல்ல சிரிப்பு வந்தா மாத்தணும், இல்லைன்னா "நன்றிங்க, இந்த நாள் இனிய நாளாகட்டும்"னு சொல்லி நாமளே வச்சிறணும். அதுக்குப் பேருதான் அனுபவம். இதை நான் யாருக்கும் சொல்லித் தரல. அவங்கவங்களாக் கத்துக்கிட்டா சரி.

மத்தியானம் அனுப்பர்பாளையம் மாவுக்கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டாரு. கிரைண்டர் அடியில ஒழுகுதாம். கோவமாத்தான் ஆரம்பிச்சாரு. கடை எப்படிப் போகுதுங்க, இட்லி மாவு மட்டுமா, அடை மாவும் உண்டுங்களான்னு நாலு வார்த்தை பேசினேன், மனுஷன் சிரிச்சுட்டாரு. நாளைக்கு ஆள் வருவாங்கன்னு சொல்லி வச்சேன். புகாரை முடிச்சாச்சுன்னு போட்டுட்டேன். மார்க் லைனுக்கு மாத்தல. கடைசியில "நிச்சயமா வருவாங்களா?"ன்னு ஒரு இழுப்பு இழுத்தாரு, அது சரியில்லை.

ஜூலை 8, திங்கள்

கச்சேரிக்கு ஜெபாவோட போனையேதான் எடுத்துக் குடுத்தேன். வேற யாரோடதும் இவ்வளவு மோசமா இல்லை, நான் என்ன பண்றது. (ராஜலட்சுமியோட ஒரு போன் இருந்துச்சு. அது ரொம்ப நீளம்.)

குறை சொல்லச் சொன்னாங்க. நான் நாலு சொன்னேன். ரெண்டு இடத்துல குறுக்கப் பேசினா, பில் நம்பரை மறுபடி மறுபடி கேட்டா, குரல் எடுத்த எடுப்புலயே இறங்கிடுச்சு, ஊர்ப் பேச்சை விடல. அவ எல்லாத்தையும் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக்கிட்டு, "அக்கா சொன்னது சரிதான், இனிமே குறுக்கப் பேச மாட்டேன் சார்"னா. மூஞ்சி கொஞ்சம்கூட வாடல. எனக்குத்தான் பன்னு தொண்டையில சிக்கிக்கிச்சு.

போகும்போது சார் சொன்னாரு, "ஏனுங் வாணி, உங்க போனை நாம இதுவரைக்கும் போட்டுக் கேட்டதே இல்லீங்ளே." "ஒண்ணு வாங்கினாத்தானே சார் கேப்பீங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சாரும் சிரிச்சாரு, ஆனா கொஞ்சம் தாமதமா.

ஜூலை 10, புதன்

வீட்டுல சமாதானம் ஆயிடுச்சு. ரசம் சூப்பர்ன்னாரு, பொரியல் சூப்பர்ன்னாரு, தண்ணி குடிச்சுட்டு அதையும் சூப்பர்ன்னாரு. மனுஷன் திருந்திட்டாரு.

ஜூலை 12, வெள்ளி

இன்னைக்கு நடந்ததை எழுதணுமான்னு யோசிச்சேன். எழுதறேன்.

பக்கத்து சீட்டுல ஜெபா இல்லாத நேரம் அவ போன் அடிச்சுது, நான் எடுத்தேன். ஒரு பெரியவர். "ஜெபா பொண்ணு இருக்குதுங்களா?"ன்னாரு. நான் உதவறேன் சொல்லுங்கன்னேன். "இல்ல பரவாயில்லீங், அந்தப் பொண்ணு வரட்டும், காத்திருக்கறேன்"னுட்டாரு. மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வளையம் கேக்கறதுக்கு ஒரு மனுஷன் காத்திருக்கறாராம்! சரி ஒரு ஆளுன்னு விட்டேன். சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு பேர். அதுல ஒண்ணு அந்த பீளமேடு அம்மா. ஒண்ணு போட்ட அதே அம்மா. "என்ற ஜெபாவைக் கூப்பிடுங்"குது.

என்ற ஜெபாவாம்.

எட்டு வருஷம். எத்தனை ஆயிரம் பேர்கிட்ட இனிக்க இனிக்கப் பேசியிருப்பேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், கோகிலவாணி இருக்காங்களான்னு கேட்டுக் கூப்பிட்டதில்லை. அஞ்சு அஞ்சா போட்டுட்டுப் போனவங்க யாரும் திரும்பி வரல. ஏசிட்டுப் போனவங்க அவளைத் தேடி வர்றாங்க. இது எந்த ஊரு நியாயம்?

அந்த டீம் லீடர் சீட்டு எனக்கு வேணும். அது கிடைச்சாத்தான் இந்த எரிச்சல் அடங்கும். இவ என் முன்னாடி உக்காந்து, "சரிங்க்கா"ன்னு எழுதிக்கணும்.

ஜூலை 13, சனி

சாப்பாட்டு நேரத்துல அவளே வந்தா. டப்பாவுல கருவாட்டுத் தொக்கு. "அக்கா, என்கிட்ட என்ன தப்பு இருக்குன்னு நீங்கதான் மூஞ்சிக்கு நேரா சொல்லுதீங்க. மத்தவங்க பாவம்னு விட்டுருதாங்க. இன்னும் சொல்லுங்கக்கா." நக்கல் பண்றாளோன்னு உத்துப் பாத்தேன். இல்லை. நிஜமாத்தான் கேக்கறா. அதுதான் இன்னும் கடுப்பு. புரட்டாசி விரதம்னு சொல்லித் தொக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன். இது ஆனி மாசம்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அவ சரிக்கான்னு டப்பாவை மூடிக்கிட்டா.

ஜூலை 15, திங்கள்

சார் லீவு. கச்சேரி இல்லை. மாவுக்கடைக்காரர் மறுபடி. வெல்லம் மாதிரிப் பேசி வச்சேன்.

ஜூலை 19, வெள்ளி

திங்கக்கிழமை கச்சேரிக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வந்து உக்காருவாங்களாம். டீம் லீடரை முடிவு பண்றதுக்கு முன்னாடி செக்‌ஷனை ஒருக்காப் பாக்கணுமாம். "நல்லதா ஒண்ணு எடுத்து வைங்க வாணி"ன்னாரு சார். கச்சேரிக்கு நல்லதுன்னா எல்லாத்துலயும் மோசமானதுன்னு அர்த்தம்.

லிஸ்ட்டைப் பிரிச்சேன். பேரு ஜெபசெல்வி, மார்க் ஒண்ணு, பேசினது அரை மணி நேரத்துக்கும் மேல. யாருய்யா அந்தப் புண்ணியவதின்னு ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஒரு பொம்பளை, எடுத்த எடுப்புலயே, "உங்களுக்கெல்லாம் சோறு எறங்குதா?"ங்குது. ஜெபா பேச வாயெடுக்கறதுக்குள்ள அடுத்த திட்டு. அதுக்கு மேல கேக்கல. போதும். இதைவிட என்ன வேணும்? எடுத்து வச்சுட்டேன்.

பஸ்ல வரும்போது மனசு லேசா இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல மல்லிப்பூ வாங்கினேன்.

ஜூலை 22, திங்கள்

எழுத்து கோணலா வருது.

ஹெட் ஆபீஸ் மேடம் சாருக்குப் பக்கத்துல உக்காந்தாங்க. டீ வந்துச்சு. நான்தான் பட்டனை அமுக்கினேன். சோறு எறங்குதாங்கற இடம் வந்துச்சு, மேடம் புருவத்தைத் தூக்கினாங்க. நான் ஜெபாவைப் பாத்தேன். அவ என்னைப் பாத்தா. வேண்டாம்னு சொல்ற மாதிரி தலையை லேசா அசைச்சா. பயந்துட்டான்னு நினைச்சேன். எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

அப்புறம் அந்தப் பொம்பளை சொல்லுச்சு, அனுப்பர்பாளையத்துல இருந்து பேசறேன், மாவுக்கடைன்னு.

அது மாவுக்கடைக்காரர் பொண்டாட்டி. சத்தியமா எனக்குத் தெரியாது. லிஸ்ட்டுல ஊரு பேரா போட்டிருக்கான், வெறும் நம்பர்தான். நிறுத்தலாம்னு கை போச்சு. ஹெட் ஆபீஸ் மேடம் குறிப்பெடுத்துட்டிருந்தாங்க. எப்படி நிறுத்தறது?

அது சொன்னதை அப்படியே எழுதறேன். மறக்கணும்னு பாத்தாலும் மறக்க மாட்டேங்குது.

"உங்க ஆபீசுல கோகிலவாணின்னு ஒரு மேடம் இருக்குதுங்ளா? தேனாட்டம் பேசுது. எங்கூட்டுக்காரரு அதுகிட்டப் பேசிட்டு, சொல்லியாச்சு புள்ள, நாளைக்கு வந்துருவாங்கன்னு சிரிச்சுட்டே போனை வெக்கறாரு. நாளைக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்லை. மறுக்காக் கூப்பிட்டா மறுக்காத் தேனு. புகார் முடிஞ்சுதுன்னு மெசேஜ் வேற வருது. எங்க முடிஞ்சுது? என்ற கடைதான் முடிஞ்சுது. வாடிக்கையெல்லாம் எதுத்த கடைக்குப் போயிருச்சு. அந்த மேடத்துக்கிட்டப் பேசினா சண்டை போடக்கூட மனசு வராதாம், எங்கூட்டுக்காரரு சொல்றாரு. நீயாவது என்னைத் திட்ட விடு கண்ணு."

ரூம்ல எல்லாரும் அவங்கவங்க டீ கிளாஸையே பாத்துட்டிருந்தாங்க. ஸ்பீக்கர்ல ஜெபா பேசுறா:

"அம்மா, கோகிலவாணி அக்கா நல்லவங்கம்மா. எங்களுக்கெல்லாம் பெரியவங்க. இப்ப போனை எடுத்தது நான், என்னை ஏசுங்க. ஏசி முடிச்சுட்டு அந்தக் கிரைண்டர் எங்க ஒழுகுதுன்னு சொல்லுங்க. நான் வச்சிர மாட்டேன்."

அதுக்கப்புறம் அந்தப் பொம்பளை அழுதுச்சு. திட்டுச்சு. மறுபடி அழுதுச்சு. கடைசியில ஒழுகற இடத்தைச் சொல்லுச்சு. ஜெபா மார்க் லைனுக்கு மாத்தி விட்டா. அது ஒண்ணு போட்டுச்சு.

சார் கேட்டாரு, "இது யாரோட போனுங்க?" அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாரு. என்னைப் பாத்துக் கேட்டாரு.

சட்டப்படி அது என் போன் இல்லையே. பேரு ஜெபசெல்வின்னுதான் போட்டிருக்கு. நான் வாயைத் திறக்கல. ஜெபா எந்திரிச்சா. "என்னோடது சார். மறுநாள்தான் ஆள் போனாங்க. அன்னைக்கே அனுப்பியிருக்கணும். இனிமே அனுப்புவேன்." அவ்வளவுதான். என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. "வேற யாராச்சும் ஏதாச்சும் சொல்றீங்களா?"ன்னாரு சார். நாலு குறை சொல்ற வாய் எனக்கு. இன்னைக்கு ஒண்ணும் வரல.

ஜூலை 23, செவ்வாய்

லீவு போட்டுட்டேன். தலைவலி.

அவ யாரு எனக்கு நல்லவங்கன்னு சர்டிபிகேட் குடுக்க? நான் கேட்டேனா? திட்டியிருக்கலாம்ல. "ஆமாங்கம்மா, அந்தக்கா அப்படித்தான்"னு சொல்லியிருக்கலாம்ல. நானா இருந்தா சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லியிருந்தா இன்னைக்கு அவளை நல்லா வெறுத்துட்டு நிம்மதியாப் படுத்திருப்பேன்.

ஜூலை 25, வியாழன்

என்னோட போன் ரெக்கார்டிங் நாலஞ்சைப் போட்டுக் கேட்டேன். எட்டு வருஷத்துல முதல் தடவை. குரல் நல்லாத்தான் இருக்கு. மாவுக்கடைக்காரர் "எப்ப வருவாங்க, எப்ப வருவாங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் அடை மாவைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கேன்.

ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டேன். ஏசி ரொம்ப அதிகமா இருந்துச்சு.

ஜூலை 31, புதன்

டீம் லீடர் நான்தான்.

சார் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு. "ஹெட் ஆபீசுக்குக் கணக்குதானுங் தெரியும். மார்க்குல உங்களுக்குக் கிட்ட யாரும் இல்லை. ஜெபாவுக்கு மூணரைகூட இல்லை. அந்த மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்க." வாழ்த்துக்கள்னாரு. கை குடுத்தாரு. அப்புறம், "ஒரே ஒரு வேண்டுகோள். ஒருக்கா உங்க போன் ஒண்ணை எடுத்துட்டு வாங்க, எல்லாரும் கேப்போம்"னாரு. "ஒண்ணு வாங்கினது எங்கிட்ட இல்லையே சார்"னேன். "இல்லைன்னு தெரியுமுங். அதனாலதான் கேக்கறேன்"னுட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிட்டாரு.

வெளிய வந்தா முதல் ஆளா ஜெபாதான் வந்து கையைப் புடிச்சுக்கிட்டா. "சந்தோசமா இருக்குக்கா." கண்ணுல பொய் இல்லை. பாழாப்போன அந்தக் கண்ணுல ஒருநாளாவது பொய் இருக்கக்கூடாதா?

வீட்டுல கேசரி பண்ணினேன். இனிப்பே தெரியல.

ஆகஸ்ட் 2, வெள்ளி

புது சீட்டு ஜன்னல் ஓரம். எல்லாரும் என் முன்னாடி. ஜெபா என் எதிர்லயே உக்காந்திருக்கா. அவ போன் அடிக்குது, அடிக்குது, அடிச்சுக்கிட்டே இருக்குது. "ஜெபா இருக்குதா" "ஜெபாம்மா இருக்காங்களா". என் மேஜையில இருக்கற போன் ஹெட் ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டா மட்டும்தான் அடிக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ராஜலட்சுமி வரல, ஆள் பத்தல. நானும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு லைன்ல உக்காந்தேன். சாப்பாட்டு நேரம். ஜெபா டப்பாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

எடுத்தா, "ஏனுங், ஜெபா கண்ணு இருக்குதுங்ளா?"

குரல் தெரிஞ்சுருச்சு. அனுப்பர்பாளையம் மாவுக்கடை அம்மா. அவ சாப்பிடப் போயிருக்கா, நான் உதவறேன்னு சொல்லணும். எட்டு வருஷமா சொல்ற வாக்கியம். வாய்ல தயாரா இருந்துச்சு.

"சொல்லுங்கம்மா. ஜெபாதான் பேசுதேன்."

நான்தான் சொன்னேன். எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. பேசுதேன்னு வேற சொன்னேன், அவளை மாதிரியே.

"கொரலு ஒரு மாதிரி இருக்குது, சளியா கண்ணு?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். மிளகு ரசம் வச்சுக் குடி, வெறும் வயித்துல குடிக்காதேன்னுச்சு. அப்புறம் பேசுச்சு பாரு. மறுநாளே ஆள் வந்துட்டாராம். கிரைண்டர் இப்ப பூ மாதிரி ஓடுதாம். வாடிக்கை பாதிப் பேர் திரும்பி வந்துட்டாங்களாம். அன்னைக்கு அப்படித் திட்டுனது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சாம், ஒண்ணு போட்டதும் தப்பாம், அதுக்குத்தான் கூப்பிட்டுச்சாம். "பெத்த மகளாட்டம் கேட்டுட்டிருந்தே கண்ணு. இந்தக் காலத்துல திட்டறதை யாரு நின்னு கேக்கறாங்க?"

எனக்கு யாரோ என் தலையைத் தடவிக் குடுக்கற மாதிரி இருந்துச்சு. என் தலை இல்லைன்னு தெரியும். இருந்தாலும் நகரத் தோணல.

வைக்கப்போற நேரத்துல கேட்டுச்சு, "அந்தக் கோகிலவாணி மேடம் இன்னும் அங்கதான் இருக்குதா?"

ஜெபாவா இருந்தா நல்லவங்கம்மான்னு சொல்லியிருப்பா. எனக்கு அது வரல. என்னைப் பத்தி என் வாயாலயே வரல. "இருக்காங்கம்மா"ன்னேன். "எம்மேல கோவமா இருக்கும்"னுச்சு. "இல்லம்மா. நீங்க சொன்னது சரிதான்"னேன். அதை மட்டும் என் சொந்தக் குரல்லயே சொல்லிட்டேன். அது கவனிக்கல.

"மார்க் போடற லைனுக்கு மாத்து கண்ணு, இந்தத் தடவை ஒழுங்காப் போடறேன்"னுச்சு. கேட்டு வாங்குது. மாத்தி விட்டேன்.

சாயங்காலம் மார்க் போர்டுல பாத்தேன். அந்த நம்பருக்கு அஞ்சு. போன் என் லைன்ல வந்ததால என் பேருக்கு நேரா. கச்சேரியில போட மாட்டாங்க. அஞ்சு வாங்கின போனை யாரு கேக்கறா?

கிளம்பும்போது ஜெபா ஓடி வந்து என் கையைப் புடிச்சா. "அக்கா, போர்டுல அந்த நம்பரைப் பாத்தீங்களா? அந்த அனுப்பர்பாளையத்து அம்மாவே உங்களுக்கு அஞ்சு போட்டிருக்காங்க! அன்னைக்கு நான் சொன்னேன்லா, எங்க அக்கா நல்லவங்கன்னு. இப்ப அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

ஆமாம்மான்னேன்.